வலிக்காத மூட்டு: வாத நோயுள்ள குழந்தைகளின் தாடையைப் படம் பிடிப்பது ஏன்?

மூட்டு வாதம் என்றாலே நமக்குப் பாட்டி, தாத்தாதான் நினைவுக்கு வருகிறார்கள். குழந்தைக்கு முட்டி வீங்கினால் "எங்கேயாவது விழுந்திருப்பான்" என்கிறோம். கால் வலி என்று அழுதால் "வளர்ற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்று தைலம் தேய்த்து விடுகிறோம். பல நேரங்களில் அது உண்மையாகவும் இருந்து, நாலு நாளில் சரியாகிவிடுகிறது. ஆனால் குழந்தைகளுக்கும் மூட்டு வாதம் வரும். லண்டனில் பணியாற்றிய ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், 1897-லேயே இத்தகைய 22 குழந்தைகளைப் பற்றி விரிவாக எழுதி வைத்தார்.

மலர்க் குழு நண்பர்கள் மருத்துவக் கட்டுரை ஒன்று கேட்டபோது, சர்க்கரை, ரத்த அழுத்தம், மாரடைப்பு எல்லாம் பலர் எழுதியாகிவிட்டது என்று தோன்றியது. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் தொழில். அந்தப் படங்களில் அடிக்கடி தாமதமாக வந்து சேர்கிற ஒன்று, வாத நோயுள்ள குழந்தைகளின் தாடை மூட்டுப் படம். "முட்டியிலதானே டாக்டர் வீக்கம், தாடையை எதுக்குப் படம் எடுக்கணும்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு நின்று பதில் சொல்ல ஸ்கேன் அறை வாசலில் நேரம் கிடைப்பதில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எது இந்த நோய்?

16 வயது நிறைவதற்கு முன் தொடங்கி, குறைந்தது 6 வாரம் நீடித்து, வேறு எந்தக் காரணமும் கண்டுபிடிக்க முடியாத மூட்டு அழற்சிக்கு ஜுவனைல் இடியோபதிக் ஆர்த்ரைட்டிஸ் என்று பெயர். சுருக்கமாக ஜே.ஐ.ஏ. 'இடியோபதிக்' என்றால் காரணம் தெரியாதது என்று பொருள். கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவல் படை, தன் வீட்டு மூட்டுகளின் உள்சவ்வையே எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. சவ்வு தடிக்கிறது, நீர் கோக்கிறது, நாளடைவில் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படுகின்றன.

இதில் ஏழு வகைகள் உண்டு. சில குழந்தைகளுக்கு நான்கு அல்லது அதற்குக் குறைவான மூட்டுகளில் மட்டும் வரும். சிலருக்கு ஐந்து அல்லது அதற்கு மேல். சிலருக்குக் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு என்று தொடங்கும். பெரியவர்களின் வாத நோய்க்குச் செய்யும் ரூமட்டாய்டு ஃபேக்டர் ரத்தப் பரிசோதனை இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு நெகட்டிவ் என்றே வரும். எனவே "ரத்தத்தில் ஒண்ணும் இல்லையாம், அப்போ வாதம் இல்லை" என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது.

காதுக்கு முன்னால் ஒரு மூட்டு

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காதுகளுக்குச் சற்று முன்னால் வைத்து, வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கடியில் ஏதோ உருண்டு நகர்வது தெரியும். அதுதான் தாடை மூட்டு. கீழ்த்தாடை எலும்பின் மேல் நுனியில் உள்ள கான்டைல் என்ற குமிழ், மண்டையோட்டில் உள்ள ஒரு குழியில் பொருந்தியிருக்கிறது. இரண்டுக்கும் இடையில் மெல்லிய டிஸ்க் ஒன்று மெத்தை போல இருக்கிறது. வாய் திறக்கும்போது முதலில் குமிழ் கதவுக் கீல் போலச் சுழல்கிறது. பிறகு இழுப்பறை போல முன்னால் சறுக்குகிறது. பேச, மெல்ல, கொட்டாவி விட என்று நாள் முழுவதும் ஓய்வில்லாத மூட்டு இது. இடது வலது இரண்டும் ஒரே எலும்பில் இணைந்திருப்பதால், ஒன்று கெட்டால் மற்றதும் சிரமப்படும்.

இந்த மூட்டுக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. அதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். தொடை எலும்பு போன்ற நீண்ட எலும்புகளில், எலும்பை நீளச் செய்யும் வளர்ச்சிக் குருத்தெலும்பு மூட்டின் மேற்பரப்பிலிருந்து சற்றுத் தள்ளி, உள்ளே தள்ளி இருக்கிறது. தாடையில் அப்படி இல்லை. கீழ்த்தாடை வளர்வதற்கு முக்கியமான குருத்தெலும்பு, கான்டைலின் உச்சியில், மெல்லிய போர்வை போன்ற ஒரு படலத்துக்கு அடியிலேயே இருக்கிறது. மூட்டுக்குள் அழற்சி வந்தால், முதல் அடி விழுவதே வளரும் இடத்தின் மேல்தான்.

ஒரு பக்க மூட்டு மட்டும் பாதிக்கப்பட்டால் அந்தப் பக்கத் தாடை குட்டையாகி, மோவாய் அந்தப் பக்கமாகச் சாயும். இரண்டு பக்கமும் பாதிக்கப்பட்டால் தாடை முழுவதும் பின்தங்கி, மோவாய் சிறுத்து உள்ளடங்கிப் போகும். பின்பற்கள் கடித்திருக்கும்போது முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விழலாம். பாதிப்பு கடுமையானால் மெல்லுவதும் பேசுவதும் சிரமம். பின்னாளில் வேறெதற்காவது அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், மயக்க மருந்து கொடுப்பவர் சுவாசக் குழாயைச் செலுத்தவே திணற நேரும். இதெல்லாம் வருஷக் கணக்கில் மெதுவாக நடப்பது. தினமும் பார்க்கும் முகம் ஆதலால் அம்மா அப்பா கண்ணுக்குத் தெரியாது. "அவ அத்தை சாடை, அத்தைக்கும் மோவாய் சின்னதுதான்" என்று சமாதானம் சொல்லிக் கொள்வோம். இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கும் ஊர்ச் சொந்தக்காரர்தான் "என்ன, குழந்தை முகம் கோணின மாதிரி இருக்கே" என்று கேட்பார்.

வலி ஏன் எச்சரிப்பதில்லை?

முட்டியோ கணுக்காலோ வீங்கினால் குழந்தை நொண்டுகிறது, நமக்குத் தெரிகிறது. தாடை மூட்டு சிறியது, தசைகளுக்குள் மறைந்தது. வெளியே வீக்கம் தெரிவது அபூர்வம். பல குழந்தைகளுக்கு வலியே இருப்பதில்லை. இருந்தாலும் சின்னக் குழந்தை "காது வலிக்குது" என்றோ "தலை வலிக்குது" என்றோதான் சொல்லும். மற்ற மூட்டுகள் எல்லாம் மருந்தில் அடங்கி, ஈ.எஸ்.ஆர். பரிசோதனையும் சரியாக வந்த பிறகும் தாடை மூட்டில் மட்டும் அழற்சி கனன்றுகொண்டிருக்கலாம்.

ஜே.ஐ.ஏ. உள்ள குழந்தைகளில் எத்தனை பேருக்குத் தாடை மூட்டு பாதிக்கப்படுகிறது என்ற கேள்விக்கு, ஆய்வுகள் 17 சதவீதத்திலிருந்து 87 சதவீதம் வரை விடை சொல்கின்றன. இத்தனை பெரிய வித்தியாசம் எப்படி? எந்த வகைக் குழந்தைகளைப் பார்த்தார்கள், எந்தக் கருவியால் தேடினார்கள் என்பதைப் பொறுத்தது அது. கையால் தொட்டுப் பார்த்துத் தேடினால் ஒரு எண், எம்.ஆர்.ஐ. எடுத்துத் தேடினால் வேறொரு எண்.

இந்த நோயில் கண்ணும் இப்படித்தான். யுவியைட்டிஸ் என்ற கண் அழற்சி, சிவப்போ வலியோ இல்லாமல் வந்து பார்வையைக் கெடுக்கலாம். அதனால்தான் புகார் எதுவும் இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் கண் மருத்துவரிடம் ஸ்லிட் லாம்ப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். தாடையையும் அதே மாதிரி, கேட்காமலே கவனிக்க வேண்டும்.

வீட்டில் பார்க்கக் கூடியவை

குழந்தை சப்பாத்தி, முறுக்கு, ஆப்பிள் போன்றவற்றைத் தவிர்த்து, ரசம் சாதம், தயிர் சாதத்தையே கேட்கிறதா? சாப்பிட முன்னைவிட நேரம் எடுக்கிறதா? காலையில் எழுந்ததும் வாய் திறக்கக் கஷ்டப்படுகிறதா? வாய் திறக்கும்போது மோவாய் நேராக இறங்குகிறதா, ஒரு பக்கமாக இழுக்கிறதா? பெரும்பாலும் பாதிக்கப்பட்ட பக்கம்தான் அது விலகும்.

குழந்தையின் சொந்தக் கையின் நடு மூன்று விரல்களைச் சேர்த்து, மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே செங்குத்தாக வைக்கச் சொல்லுங்கள். மூன்றும் நுழைய வேண்டும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால், பள்ளிக்கூட ஸ்கேலால் மேல் முன்பல் நுனியிலிருந்து கீழ் முன்பல் நுனிவரை அளந்து, தேதியோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டில் எழுதி வையுங்கள். வளரும் குழந்தைக்கு இந்த அளவு கூட வேண்டும், அல்லது அப்படியே நிற்க வேண்டும். குறைந்துகொண்டே வந்தால் வாத நோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு பிறந்த நாளிலும் நேர் முகமாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு போட்டோ எடுத்து வைப்பதும் நல்லது. ஆனால் இவையெல்லாம் சரியாக இருந்தாலும் உள்ளே அழற்சி இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதற்குப் படம் வேண்டும்.

எந்தப் படம் எதைக் காட்டும்?

முதலில் ஓ.பி.ஜி. பல் டாக்டர் எடுக்கச் சொல்லும், முகத்தைச் சுற்றி வரும் எக்ஸ்ரே. செலவு குறைவு, அநேகமாக எல்லா ஊரிலும் கிடைக்கும், கதிர்வீச்சும் மிகக் குறைவு. நாம் சும்மா இருந்தாலே மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் நமக்குக் கிடைக்கும் இயற்கைக் கதிர்வீச்சு, உலகச் சராசரியாக வருஷத்துக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட். ஓ.பி.ஜி.யில் கிடைப்பது அதில் சில நாள் பங்குதான். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அது எலும்பை மட்டுமே காட்டும். கான்டைல் தட்டையாகிவிட்டதா, அரிக்கப்பட்டதா, ஒரு பக்கம் குட்டையா என்று தெரியும். அதாவது நோய் தன் வேலையை முடித்த பிறகு தெரியும். ஓ.பி.ஜி. நார்மல் என்பதை "தாடையில் நோய் இல்லை" என்று எடுத்துக் கொள்வதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறான புரிதல்.

அடுத்து அல்ட்ராசவுண்ட். கதிர்வீச்சு இல்லை, குழந்தைக்குத் தொந்தரவும் இல்லை. ஆனால் ஒலி அலை எலும்பைத் தாண்டாது. மூட்டின் வெளிப்புறம் மட்டும் தெரியும். உட்புறம் கான்டைலின் நிழலில் மறைந்துவிடும். முட்டிக்கு மிக நன்றாக உதவும் இந்தக் கருவி, தாடைக்கு அந்த அளவு உதவாது.

மூன்றாவது சி.டி. ஸ்கேனும், பல் மருத்துவத்தில் பயன்படும் கோன் பீம் சி.டி.யும். எலும்பின் வடிவத்தை முப்பரிமாணத்தில், நுணுக்கமாகக் காட்டுவதில் இவற்றுக்கு ஈடில்லை. தாடை அறுவை சிகிச்சையோ பல் சீரமைப்போ திட்டமிடும்போது கோன் பீம் மிகவும் பயன்படும். ஆனால் கதிர்வீச்சு ஓ.பி.ஜி.யைவிட அதிகம். முக்கியமாக, தடித்த சவ்வையும் எலும்புக்குள் ஊறும் நீரையும் இவை காட்டுவதில்லை. சேதத்தைக் காட்டும், அந்தச் சேதத்தை உண்டாக்கும் அழற்சி இப்போது நடக்கிறதா என்று காட்டாது.

அதைக் காட்டுவது எம்.ஆர்.ஐ. இதில் எக்ஸ்ரே கதிர்வீச்சே கிடையாது. வலுவான காந்தப் புலத்தில், உடலில் உள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கள் தரும் சமிக்ஞையைப் படமாக்குகிறார்கள். இந்தக் கண்டுபிடிப்புக்காகத்தான் பால் லாட்டர்பரும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டும் 2003-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்கள். அழற்சி என்றால் நீர் ஊறுதல். நீரைக் காட்டுவது எம்.ஆர்.ஐ.யின் பலம். எலும்பு அரிக்கப்படுவதற்கு முன்பே, சவ்வு தடிப்பதையும் எலும்பு மஜ்ஜையில் நீர் கோப்பதையும் அது காட்டிவிடும். அந்த நேரத்தில் மருந்தைக் கூட்டினால் தாடையைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.

எம்.ஆர்.ஐ. அறைக்குள்

கான்டைல் சின்னக் குமிழ். அதனால் மூளைக்கு எடுக்கும் சாதாரண ஸ்கேன் போதாது. இரண்டு பக்கத் தாடை மூட்டுகளுக்கும், 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள மெல்லிய துண்டுகளாக, வாய் மூடியும் திறந்தும் எடுக்க வேண்டும். முக்கால் மணி நேரம் வரை ஆகலாம். இயந்திரம் டமடமவென்று சத்தம் போடும். காதுக்கு அடைப்பான் கொடுப்பார்கள். அசையாமல் படுக்க முடியாத சிறு குழந்தைகளுக்கு மயக்க மருந்து தேவைப்படும். அப்போது "இவனால் வாயை முழுக்கத் திறக்க முடியாது" என்பதை மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல மறக்காதீர்கள்.

"கான்ட்ராஸ்ட் ஊசி அவசியமா?" என்பது எல்லோரும் கேட்பது. காடோலினியம் என்ற உலோகம் கலந்த அந்த மருந்து, அழற்சியுள்ள சவ்வில் வேகமாகச் சேர்ந்து பளிச்சென்று தெரியும். வெறும் நீர் எது, தடித்த சவ்வு எது என்று பிரித்துச் சொல்ல அது உதவுகிறது. சில நிமிஷங்களில் மருந்து மூட்டு நீருக்குள்ளும் கசிந்துவிடும் என்பதால் ஊசி போட்டவுடனே படம் எடுக்க வேண்டும். இந்த உலோகத்தின் சிறு அளவு மூளையில் தங்கக்கூடும் என்று 2014 முதல் ஆய்வுகள் வந்தன. அதனால் தீங்கு நேர்ந்ததாக நிரூபணம் இல்லை. இருந்தாலும் எச்சரிக்கையாக, 2017-இல் ஐரோப்பிய மருந்து ஆணையம் அதிகம் தங்கக்கூடிய சில ரகங்களின் பயன்பாட்டை நிறுத்தி வைத்தது. உலோகத்தை வளையம் போல இறுகப் பிடித்துக்கொள்ளும் மேக்ரோசைக்ளிக் ரகம் குறைவாகவே தங்கும். "எந்த ரகம் போடுகிறீர்கள்?" என்று கேட்பது உங்கள் உரிமை. சிறுநீரகக் கோளாறோ முன்பு ஒவ்வாமையோ இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

இன்னொன்று, பல்லுக்குக் கம்பி. ஸ்டீல் கிளிப் போட்டிருந்தால் காந்தப் புலத்தில் படம் நெளிந்து கெட்டுப் போகலாம். ஜே.ஐ.ஏ. உள்ள குழந்தைக்குப் பல் கம்பி போட நினைத்தால், போடுவதற்கு முன்பே தாடை எம்.ஆர்.ஐ. தேவையா என்று வாத நோய் மருத்துவரைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

அறிக்கையில் என்ன இருக்கும்?

அறிக்கையை இரண்டு பாகமாகப் படிக்க வேண்டும். ஒன்று, இப்போது எரியும் நெருப்பு: மஜ்ஜையில் நீர், மஜ்ஜையில் கான்ட்ராஸ்ட் சேர்தல், மூட்டில் நீர், சவ்வுத் தடிப்பு, மூட்டில் கான்ட்ராஸ்ட் சேர்தல். இரண்டு, எரிந்து முடிந்த தடம்: கான்டைல் தட்டையாதல், எலும்பு அரிப்பு, டிஸ்க் கெடுதல். பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து இந்த எட்டு அம்சங்களையும் வைத்து மதிப்பெண் முறை ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். நெருப்பு இருந்தால் மருந்து பேச வேண்டும். நெருப்பு அணைந்து தடம் மட்டும் இருந்தால் பல் சீரமைப்பு மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேச வேண்டும். இரண்டும் இருந்தால் எல்லோரும் சேர்ந்து உட்கார வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நோயே இல்லாத குழந்தைகளின் தாடை மூட்டிலும் துளி நீர் தெரியலாம், கான்ட்ராஸ்ட் லேசாகச் சேரலாம். அதனால் "மூட்டில் சிறிது நீர்" என்ற ஒரே வரியைப் பார்த்துக் கலங்க வேண்டாம். அந்த வரியை மட்டும் வைத்து மருந்தைக் கூட்டுவதும் சரியல்ல. படம், பரிசோதனை, வாய் திறக்கும் அளவு எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார்.

படத்துக்குப் பின்

அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரியின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறி, தாடை மூட்டு வாதத்தைத் தனியாகவே எடுத்துப் பேசுகிறது. வாரம் ஒருமுறை மட்டும் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட், அது போதாதபோது அடாலிமுமாப் போன்ற பயாலஜிக் ஊசிகள் என்று சிகிச்சை போகும். பயாலஜிக் தொடங்குமுன் உடலில் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று பரிசோதிப்பார்கள். நம் நாட்டில் அது மிக முக்கியம். மூட்டுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவதும் உண்டு. ஆனால் வளரும் குழந்தைக்கு அதைத் திரும்பத் திரும்பப் போட்டால் தாடை வளர்ச்சி குன்றலாம், மூட்டுக்குள் வேண்டாத எலும்பு படியலாம் என்பதால் இப்போது யோசித்துத்தான் போடுகிறார்கள். பல் மருத்துவர் செய்து தரும் ஸ்ப்ளின்ட், வாய்ப் பயிற்சிகள் ஆகியவையும் துணை செய்யும். சிறு வயதிலேயே அழற்சியை அடக்கிவிட்டால், தட்டையான கான்டைல் ஓரளவு மீண்டும் உருண்டு வளர்வதும் உண்டு. காலம் கடந்தால் அந்த வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும்.

"வீக்கம்தான் போயிடுச்சே" என்று மெத்தோட்ரெக்சேட்டைத் தாங்களே நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. முட்டி வீக்கம் போனது உண்மையாக இருக்கலாம்; தாடை நிலவரத்தை முட்டி சொல்லாது.

ஊர் மாறும் குடும்பங்களுக்கு

நம்மில் பலர் வங்கி, ரயில்வே, ராணுவம், உருக்காலை என்று மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர் போகிறவர்கள். பிலாயில் தொடங்கிய சிகிச்சை விசாகப்பட்டினத்தில் தொடரும். லீவுக்குப் போகும்போது சென்னையில் ஒரு டாக்டரையும் பார்ப்போம். இந்த நோயில் ஒரு படத்தைவிட, முந்தைய படத்தோடு ஒப்பிட்ட படம்தான் அதிகம் பேசும். போன வருஷம் இருந்த அரிப்பு அப்படியே நிற்கிறதா, ஆழமாகியிருக்கிறதா என்பதை வெறும் அறிக்கைத் தாளை வைத்து என் போன்றவர்கள் சொல்ல முடியாது, படமே வேண்டும். எனவே அறிக்கையோடு சி.டி.யையோ பென் டிரைவையோ கட்டாயம் கேட்டு வாங்குங்கள், வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் வையுங்கள். அடுத்த ஸ்கேனுக்கு முன்பே பழைய படத்தைக் கையோடு கொடுங்கள். கூடுமானவரை ஒரே மாதிரி இயந்திரத்தில், ஒரே முறையில் எடுக்கச் சொல்லுங்கள். எந்த மருந்து எந்தத் தேதியில் தொடங்கியது, எப்போது நிறுத்தியது என்று ஒரு பக்கம் எழுதி அதே உறையில் வையுங்கள்.

ஜே.ஐ.ஏ. என்று டாக்டர் சொன்ன குழந்தை உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், அடுத்த முறை போகும்போது இரண்டே கேள்விகள் கேளுங்கள்: "கண்ணைப் பார்த்தாச்சா? தாடையைப் பார்த்தாச்சா?" இரண்டுமே வலிக்காமல் கெடக் கூடியவை. குழந்தை தானாக வந்து சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம்.